கோப்பு போய்விட்டது, குழந்தை எப்போது?

வெளிநாட்டிலிருந்து பிள்ளையைத் தத்தெடுக்கக் காத்திருக்கும் வீடுகளிலிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் 1993 மே 29-ல் உருவாகி, 1995 மே 1-ல் நடைமுறைக்கு வந்த, நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையை ஒட்டியவை. குடியேற்ற விதிகளுக்கு உதாரணம் தேவைப்படும் இடங்களில் அமெரிக்க விதிகளைக் காட்டியிருக்கிறோம். மற்ற நாட்டினர் தங்கள் நாட்டுக் கால அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் கோப்பை அனுப்பி ஒன்றரை வருடம் ஆகிறது. எங்களுக்குப் பின்னால் விண்ணப்பித்த தம்பதிக்குக் குழந்தை ஒதுக்கிவிட்டார்கள். எங்களை ஏன் தாண்டிப் போனார்கள்?

பல நாடுகளில் இது டோக்கன் வரிசையாக நடப்பதில்லை. அதிகாரிகள் முதலில் கையில் எடுப்பது குழந்தையின் கோப்பை. இந்தப் பிள்ளைக்கு யார் சரிப்படுவார்கள் என்று அதன் பிறகுதான் பெற்றோர் கோப்புகளைப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டாய்வு அறிக்கையில் (சமூகப் பணியாளர் உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து எழுதுவது) '2 வயதுக்குள், ஒரு குழந்தை, உடல்நலக் குறை எதுவும் கூடாது' என்றும், அவர்களுடையதில் '6 வயது வரை, உடன்பிறந்த இருவர் என்றாலும் சரி, அறுவை சிகிச்சையில் சரியாகும் இதயக் கோளாறு இருந்தாலும் சரி' என்றும் எழுதியிருந்தால், இரண்டும் ஒரே குவியலில் இருந்தாலும் ஒரே குழந்தைக்காகக் காத்திருக்கவில்லை.

உடன்படிக்கையின் 4-வது பிரிவு, குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று பார்த்த பிறகே வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்கிறது. அதனால் நோய்நொடியில்லாத கைக்குழந்தைகள் பெரும்பாலும் உள்நாட்டிலேயே வீடு சேர்ந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பட்டியலுக்கு வருபவர்களில் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளும், அண்ணன் தங்கையாக வருபவர்களும், மருத்துவத் தேவை உள்ளவர்களும்தான் அதிகம்.

அதற்காக, சீக்கிரம் கிடைக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கட்டத்திலும் டிக் போடாதீர்கள். ஒவ்வொரு நோயையும் தனியாக எடுத்து, சிகிச்சை எத்தனை வருடம், எந்த மருத்துவமனை, இன்ஷூரன்ஸ் வருமா, வேலையிலிருந்து யார் விடுப்பு எடுப்பது என்று உட்கார்ந்து பேசுங்கள். மனம் மாறினால் ஏஜென்சிக்கு ஒரு மெயில் போட்டால் போதாது. சமூகப் பணியாளர் வீட்டாய்வு அறிக்கையைத் திருத்தி, புதிய வயது வரம்பையும் உடல்நிலையையும் எழுதி, குடியேற்றத் துறையிலும் அது ஏற்கப்பட வேண்டும். 4 வயது வரை என்று அனுமதி வாங்கிவிட்டு 6 வயதுப் பிள்ளைக்குச் சம்மதம் சொன்னால், எல்லாம் கூடிவந்த நேரத்தில் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: 'அனுப்பியாயிற்று' வேறு, 'பதிவாயிற்று' வேறு. நடுவில் மொழிபெயர்ப்பு, சரிபார்ப்பு, சந்தேகக் கேள்விகள் என்று மாதங்கள் போகும். ஏஜென்சியிடம் 'ஏதாவது தகவல் உண்டா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: அந்த நாட்டு மத்திய அதிகார அமைப்பில், அதாவது தத்துக்குப் பொறுப்பான அரசு அமைப்பில், எந்தத் தேதியில் பதிவானது, பதிவெண் என்ன, பதில் சொல்லாத கேள்வி ஏதும் நிற்கிறதா, எங்களைப் போன்ற விருப்பம் எழுதியவர்களில் எத்தனை பேருக்குப் போன வருடம் அந்த நாட்டிலிருந்து ஒதுக்கீடு வந்தது?

கேள்வி: குழந்தையின் படமும் அறிக்கையும் வந்து, சம்மதமும் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகும் ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறார்கள்? போய் அழைத்து வந்துவிட முடியாதா?

முடியாது. முந்திக்கொண்டால் கேடுதான் வரும்.

16-வது பிரிவின்படி குழந்தையின் நாடு, அவனோ அவளோ யார், பின்னணி என்ன, உரிய சம்மதங்கள் வாங்கப்பட்டனவா என்பதையெல்லாம் அறிக்கையாக அனுப்பும். அதன்பின் 17-வது பிரிவு. நீங்கள் சம்மதிக்க வேண்டும், இரு நாட்டு அமைப்புகளும் மேலே போகலாம் என்று ஒப்ப வேண்டும், பிள்ளை உங்கள் நாட்டுக்குள் வந்து நிரந்தரமாக வசிக்க அனுமதி உண்டு என்பது உறுதியாக வேண்டும். இவை முடியும் முன் பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கக் கூடாது.

அமெரிக்காவில் இந்த வரிசை கண்டிப்பானது. முதலில் ஐ-800ஏ, அது பெற்றோருக்கான அனுமதி. பிறகு குறிப்பிட்ட குழந்தைக்கான ஐ-800, அதற்குத் தற்காலிக ஒப்புதல். அடுத்து விசா விண்ணப்பம், தூதரகத்தின் 5-வது பிரிவுக் கடிதம் (பெற்றோர் தகுதியானவர்கள், பிள்ளை அமெரிக்காவுக்குள் வந்து வசிக்கலாம் என்று சொல்வது). அதற்கப்புறம்தான் அந்த நாட்டுக் கோர்ட்டில் தத்து உத்தரவு. தற்காலிக ஒப்புதலுக்கு முன்பே தத்து உத்தரவு வாங்கிவிட்டால் ஐ-800 மனு நிராகரிக்கப்படும். அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டு மறுபடி வர வேண்டும். உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் படிவங்கள் ஐ-600ஏ, ஐ-600. அந்தப் பிள்ளை சட்டப்படி ஆதரவற்றதுதானா என்ற விசாரணை பெரிய கட்டம். அந்த விசாரணையில் சிக்கல் வந்து, தத்து முடிந்தும் விசா கிடைக்காமல் அந்நிய ஊரில் தங்கிப்போன குடும்பங்கள் உண்டு.

உத்தரவு கிடைத்த பிறகும் சில நாடுகளில் மேல்முறையீட்டுக் காலம் முடியக் காத்திருக்க வேண்டும். பிறகு புதிய பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், வெளியேறும் அனுமதி, விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை, விசா. ஒன்று கையில் வந்தால்தான் அடுத்ததற்கு மனுப் போட முடியும். இரண்டை ஒரே நேரத்தில் ஓட்ட வழியில்லை.

கேள்வி: காத்திருக்கும்போதே பேப்பர்கள் காலாவதியாகின்றன. ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று முடிகிறது. இதை எப்படிச் சமாளிப்பது?

காத்திருக்கும் காலத்தில் உங்கள் கையில் இருக்கும் உண்மையான வேலை இதுதான். ஒதுக்கீடு என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருகிற அன்றைக்குக் கோப்பு உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு தாளில் அல்லது எக்ஸெல்லில் ஐந்து பத்திகள் போடுங்கள்: ஆவணம், கொடுத்த தேதி, எவ்வளவு காலம் செல்லும், முடியும் தேதி, திரும்ப வாங்க எவ்வளவு நாள் பிடிக்கும். நான்காவதிலிருந்து ஐந்தாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் வேலையைத் தொடங்க வேண்டிய நாள். அதற்கு ஒரு மாதம் முன்பே அலாரம் வையுங்கள்.

எது எவ்வளவு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதம். அதை நீட்டிக்க 'சப்ளிமென்ட் 3' படிவம் உண்டு. மனுவோடு கொடுக்கும் வீட்டாய்வு அறிக்கை 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மருத்துவச் சான்று, போலீஸ் சான்று, சம்பளக் கடிதம் ஆகியவற்றைப் பெறும் நாடுகளும் இவை புதியவையாக இருக்க வேண்டும் என்றே கேட்கும். எத்தனை மாதம் என்பதையும், அதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துத் தேதியா, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்ல ஆவணத்தோடு சேர்க்கும் அரசுச் சான்று) தேதியா என்பதில் பல வாரம் வித்தியாசம் வரும்.

வாங்கும் வரிசையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பழைய விவாகரத்து உத்தரவு போன்றவை வர நாளாகும், ஆனால் சீக்கிரம் பழசாகாது. அவற்றை முதலில் வாங்கி வையுங்கள். போலீஸ் சான்றும் மருத்துவமும் கடைசியில், இரண்டும் ஒரே மாதத்தில். புதுப்பிக்கும்போதும் ஒரு கட்டாக அனுப்பினால் அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு, கூரியர் எல்லாம் ஒரே செலவில் முடியும்.

இதில் ஒரு விதிவிலக்கு. வீட்டிலுள்ள பெரியவர்கள் 18 வயதுக்குப் பிறகு வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலும் மாநிலத்திலும் குழந்தை வதைப் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்கிறது. பத்து வருடம் முன்பு வேலை பார்த்த ஊரிலிருந்து பதில் வர எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தை முதல் நாளே போடுங்கள்.

கோப்பு திரும்பி வருவது பெரிய காரணங்களுக்காக இல்லை. அடிக்கடி நடப்பவை இவை:

பெயர். பாஸ்போர்ட்டில் விரித்த பெயர், திருமணச் சான்றில் இனிஷியல், வங்கிக் கடிதத்தில் முன்பின் மாறிய பெயர். நமக்கு இது சாதாரணம்; அங்கே இருக்கும் அதிகாரிக்கு மூன்று வெவ்வேறு ஆட்கள். எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டின் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாத பழைய சான்றுக்கு 'இரு பெயரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம் சேருங்கள்.

நோட்டரி. அவருடைய முத்திரையில் பதவிக் காலம் முடியும் தேதி இருந்தால் அதைப் பாருங்கள். இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி என்றால் வேறொருவரிடம் போங்கள்.

அப்போஸ்டில். 1961 அக்டோபர் 5-ன் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் இந்த ஒரு சான்று போதும். கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும்தான் அது சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது சரியா என்று அது பார்ப்பதில்லை. சேராத நாட்டுக்கு நோட்டரி, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று படிப்படியாகச் சான்று பெற வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. சீனாவுக்கு 2023 நவம்பரிலும் கனடாவுக்கு 2024 ஜனவரியிலும்தான் இது நடைமுறைக்கு வந்தது. ஏஜென்சி கொடுத்த செக்லிஸ்ட் அதற்கு முந்தையதா என்று கேளுங்கள்.

ஸ்டேப்ளர் பின். அப்போஸ்டில் தாளைச் சேர்த்து அடித்த பின்னை ஜெராக்ஸ் எடுப்பதற்காகக் கழற்றி மறுபடி அடித்தால், இரண்டு ஓட்டைகளைப் பார்த்தே ஆவணத்தைத் தள்ளுவார்கள். பக்கங்களை மடித்து எடுங்கள், அல்லது போட்டோ எடுங்கள். பின்னைத் தொடாதீர்கள்.

மொழிபெயர்ப்பு. அப்போஸ்டில் ஒட்டிய பிறகு மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். முன்பே செய்துவிட்டால் அப்போஸ்டில் பக்கத்துக்கு மொழிபெயர்ப்பு இருக்காது. அந்த நாடு ஏற்ற மொழிபெயர்ப்பாளர்தானா என்றும் பாருங்கள்.

அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும், பின்பக்கத்தையும் சேர்த்து, வண்ணத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காத்திருக்கும் நேரத்தில் வேலை மாறிவிட்டேன். வீடும் மாறப்போகிறோம். அம்மாவும் எங்களோடு வந்து தங்கப்போகிறார். சொல்ல வேண்டுமா, முடிந்த பிறகு சொன்னால் போதுமா?

மூன்றையும் உடனே சொல்லுங்கள். புதிய வீட்டைச் சமூகப் பணியாளர் வந்து பார்க்க வேண்டும். அம்மா வீட்டில் வசிக்கும் பெரியவர் என்பதால் அவருக்கும் போலீஸ் சரிபார்ப்பும் கைரேகையும் உண்டு. வருமானக் கடிதம் புதிய கம்பெனியிலிருந்து வர வேண்டும். சேர்ந்த முதல் மாதத்திலேயே அதைத் தரத் தயங்கும் நிறுவனங்கள் உண்டு, சேரும்போதே பேசி வையுங்கள். கருவுற்றாலும் இதே விதிதான். அதை மறைப்பவர்கள் நிறைய. பல ஏஜென்சிகளும் நாடுகளும் பிரசவத்துக்குப் பிறகு குறிப்பிட்ட காலம் கோப்பை நிறுத்தி வைக்கும், சில மூடவும் செய்யும். மறைத்துப் பின்னால் தெரிந்தால், பொய் சொன்னீர்கள் என்ற பதிவு உங்கள் பெயரில் நிற்கும். தாமதத்தைச் சகிக்கலாம், அந்தப் பதிவைத் துடைக்க முடியாது.

கேள்வி: வந்திருக்கும் மருத்துவ அறிக்கை ஒன்றரைப் பக்கம். எடை குறைவு என்கிறது. பதில் சொல்ல சில நாட்கள்தான் அவகாசம். எதைப் பார்ப்பது?

அறிக்கை வந்த அன்றே, தத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். யார் என்று ஒதுக்கீட்டுக்கு முன்பே பேசி வைத்திருப்பது நல்லது.

எடையைவிடத் தலைச்சுற்றளவு முக்கியம். ஒரே ஒரு அளவு எதையும் சொல்லாது. தேதியோடு மூன்று நான்கு அளவுகள் கேளுங்கள்: எடை, உயரம், தலைச்சுற்றளவு. வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், எடை குறைந்தும் தலை சீராக வளர்ந்திருந்தால் சாப்பாட்டுக் குறையாக இருக்கவே வாய்ப்பு. பெரும்பாலும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் தேறிவிடும். தலை வளர்ச்சி கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நரம்பியல் கேள்விகள் வரும். காப்பகத்தில் கழிந்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் உயர வளர்ச்சியில் ஏறத்தாழ ஒரு மாதம் பின்தங்கும் என்பது இத்துறை மருத்துவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. குறைமாதப் பிறப்பு என்றால் அந்த வாரங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். வயதே மதிப்பீடாக இருக்கலாம், அதையும் கேளுங்கள்.

படம் கேட்டால் சிரித்த படம் அனுப்புவார்கள். சிரிக்காமல் நேராகப் பார்க்கும் முகப் படம் வேண்டும். கர்ப்பத்தில் மதுவின் பாதிப்பு இருந்தால் மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளமில்லாத தோல், குறுகிய கண் திறப்பு ஆகியவை தெரியலாம். சிரிக்கும்போது உதடு மெலிந்து ஏமாற்றும். இரண்டு மூன்று நிமிட வீடியோவில் நடப்பது, சின்னப் பொருளை விரலால் எடுப்பது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது ஆகியவை இருக்கட்டும். காப்பகத்துக்கு எந்த வயதில் வந்தது, வலிப்பு உண்டா, காது சோதித்தார்களா என்றும் எழுதிக் கேளுங்கள்.

பயமுறுத்தும் சொற்களை அந்த நாட்டு வழக்கத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். முன்னாள் சோவியத் நாடுகளின் அறிக்கைகளில் 'பெரினேட்டல் என்செஃபலோபதி' (பிறப்பை ஒட்டி மூளைக்கு வந்த பாதிப்பு) என்பது பல பிள்ளைகளுக்கு வழக்கமாகப் போடப்பட்ட முத்திரை. அதற்காகத் தள்ளவும் வேண்டாம், விசாரிக்காமல் விடவும் வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முடியாததைத் தலையில் ஏற்றிக்கொண்டு பின்னால் பிள்ளையைத் திருப்பி ஒப்படைப்பதைவிட, இப்போதே மறுப்பது அந்தப் பிள்ளைக்கு நல்லது.

வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் முழுப் பரிசோதனை. மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி., சிபிலிஸ், காசநோய், ரத்தசோகை, ஈயம், தைராய்டு, மலத்தில் புழு. ரத்தத்தில் தேடும் தொற்றுகளை ஆறு மாதம் கழித்தும், காசநோய்ச் சோதனையை மூன்று முதல் ஆறு மாதத்திலும் மறுபடி செய்யச் சொல்வார்கள். முதல் சோதனை சரியாக இருந்ததே என்று விட்டுவிடாதீர்கள். கிளம்பும் முன் தொற்றியிருந்தால் முதல் முறையில் தெரியாமல் போகலாம்.

கேள்வி: நாங்கள் விண்ணப்பித்த நாடு வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவிடும் என்கிறார்கள். இத்தனை வருடமும் வீணா?

நடக்கக்கூடியதுதான். ருமேனியா 2001-ல் நிறுத்தி, பின்னர் சட்டமாகவே மூடியது. ரஷ்யா 2013 ஜனவரி முதல் அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கதவை அடைத்தது. எத்தியோப்பியா 2018-ல் தடை செய்தது. சீனா 2024-ல் நிறுத்தியது. நெருங்கிய ரத்த உறவுப் பிள்ளைகளையோ, கணவன் அல்லது மனைவியின் முந்தைய பிள்ளைகளையோ தத்தெடுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. குழந்தை ஒதுக்கப்பட்டு கோவிட் காலத்திலிருந்து பயணத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களும் அதில் நின்றுபோயின. பெறும் நாடுகளும் மூடுகின்றன: நெதர்லாந்து 2024 டிசம்பரில் படிப்படியாக முடித்துக்கொள்வதாக முடிவெடுத்தது. பழைய கோப்புகளில் போலிச் சம்மதங்களும் மாற்றப்பட்ட பிறப்புப் பதிவுகளும் வெளிவந்ததே பல இடங்களில் காரணம். கோபம் வரும், ஆனாலும் அந்தக் காரணம் பொய் இல்லை.

நடைமுறையில், ஒதுக்கீடு ஆகாத கோப்புகள் முதலில் நிற்கும். வேறு நாட்டுக்கு மாறினால் வீட்டாய்வு அறிக்கையை அந்த நாட்டுக்கென்று திருத்திப் பயன்படுத்தலாம். நாட்டு ஆவணக் கட்டு புதிதாகத்தான் தயாராக வேண்டும், உங்கள் வயதும் திருமணக் காலமும் அங்கே பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் விண்ணப்பித்து வைப்பது ஏஜென்சியைக் கேட்காமல் கூடாது.

இதுவரை கையெழுத்திடாதவர்களுக்கு: பணத்தைக் கட்டம் கட்டமாக மட்டுமே கொடுக்கும் ஒப்பந்தமாக இருக்கட்டும். நாடு மூடினால் எந்தக் கட்டணம் திரும்பும், எது திரும்பாது என்பதை வரி வரியாகப் படியுங்கள்.

கேள்வி: ஒருவர் நேரடியாக ஒரு தாயிடம் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார். 'நன்கொடை' மட்டும் கொடுத்தால் போதுமாம்.

வேண்டாம். சம்மதங்கள் முறையாக முடியும் முன் தத்தெடுப்பவர்கள் பிறப்புப் பெற்றோரைத் தொடர்புகொள்வதைத் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 29-வது பிரிவு தடுக்கிறது. உறவுக்குள் தத்து போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு. பணம் கொடுத்துச் சம்மதம் வாங்கக் கூடாது, தாயின் சம்மதம் பிரசவத்துக்குப் பிறகே செல்லும் என்பவை 4-வது பிரிவு. இப்படி வந்த பிள்ளைக்கு விசா மறுக்கப்படலாம். அதைவிட, அந்தத் தாய் உண்மையில் சம்மதித்தாரா என்பதை வாழ்நாள் முழுக்க உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: வீட்டில் 8 வயது மகள். தம்பி எப்போது வருவான் என்று தினமும் கேட்கிறாள். படத்தைக் காட்டலாமா?

ஒதுக்கீட்டுக்கு முன் மாதக் கணக்கு எதுவும் சொல்லாதீர்கள். 'பேப்பர் வேலை நடக்கிறது, தேதி தெரிந்த அன்றே உன்னிடம் சொல்வோம்' என்பது போதும். சம்மதம் சொல்லி, இரு நாடுகளும் ஒப்பிய பிறகு படத்தைக் காட்டுங்கள். அதற்கு முன் கைமாறிப் போகவும் வாய்ப்புண்டு. படத்தைப் பள்ளிக்கோ வாட்ஸ்அப் குரூப்புக்கோ அனுப்பக் கூடாது. சட்டப்படி இன்னும் உங்கள் பிள்ளையில்லை. வெளியே பரப்பினால் கோப்பையே நிறுத்தும் அமைப்புகள் உண்டு.

கேள்வி: டிக்கெட்டை எப்போது போடலாம்?

பயண அனுமதி எழுத்தில் வந்த பிறகு. திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். கோர்ட் விடுமுறை, பாஸ்போர்ட் தாமதம் இரண்டும் வரும். ஆவணங்களின் மூலத்தோடு ஒரு நகல் கட்டையும் தனிப் பையில் கொண்டுபோங்கள். தத்து உத்தரவு கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி, உங்கள் பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பாஸ்போர்ட் அடித்த பின் பிழை தெரிந்தால் மறுபடி கோர்ட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். 23-வது பிரிவுச் சான்றை வாங்காமல் கிளம்பாதீர்கள். உங்கள் தத்து மற்ற உறுப்பு நாடுகளில் செல்லும் என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி: பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி பேப்பர் வேலை உண்டா?

இரண்டு பாக்கி. ஒன்று, பின்தொடர் அறிக்கைகள். உதாரணமாக, இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைக்கு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று. மற்ற நாடுகளின் கணக்கு வேறு. அனுப்பாமல் விட்டால் அடுத்து வரும் குடும்பங்களின் கோப்புகள் அந்த நாட்டில் நிற்கலாம்.

மற்றது குடியுரிமை. அமெரிக்காவில் ஐஎச்-3 விசாவில் (தத்து வெளிநாட்டிலேயே முடிந்த பிள்ளைக்குத் தருவது) வந்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, குடியுரிமை உள்ள பெற்றோரோடு வசிக்க உள்ளே நுழைந்ததும் குடியுரிமை பெறும். ஐஎச்-4 விசா என்றால் அமெரிக்காவில் தத்தை முடித்த பிறகுதான். இந்தச் சட்டம் 2001 பிப்ரவரி 27-ல் நடைமுறைக்கு வந்தபோது 18 வயது நிரம்பியிருந்தவர்களுக்குச் செல்லவில்லை. பெற்றோர் தனியாக விண்ணப்பிக்காமல் விட்டதால், வளர்ந்த பிறகு குடியுரிமையே இல்லை என்று அறிந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த நாடானாலும் குடியுரிமைச் சான்றைக் கையில் வாங்குங்கள். அதோடு தத்து உத்தரவு, பழைய பிறப்புச் சான்று, காப்பகக் குறிப்புகள், கூட வந்த துணுக்குத் தாள் உட்பட எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பிள்ளையின் பெயரில் வையுங்கள். 18 வயதில் அவள் கேட்கும்போது, அந்த நாட்டு அலுவலகத்தில் அவை இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.